நடுவில் வந்து நின்ற குரல்

சனிக்கிழமை காலை மூன்று அட்டைப்பெட்டிகள் வீட்டுக்கு வந்தபோது பல் டாக்டர் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பைத் தலையிலேயே செருகிவிட்டு ஹாலுக்கு ஓடிவந்தாள். அவள் கணவன் அதற்குள் கதவை அகலத் திறந்து, "மெதுவா, மெதுவா, செவுத்துல இடிச்சிடாதீங்க" என்று பெட்டிகளுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தான். தூக்கி வந்தவர் ஆடியோ கடைக்காரர். கண்ணாடி வால்வு வைத்த கருவிகள்மேல் அவருக்கு ஒரே பித்து. அதனால் எல்லோருக்கும் அவர் வால்வு அண்ணன்.

"மூணும் ரெண்டு நாளைக்கு உங்க வீட்டு விருந்தாளி. எது மனசுக்குப் பிடிக்குதோ அதை வச்சுக்குங்க. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், வால்வைக் கேட்டுட்டு வேற எதையாவது எடுத்தீங்கன்னா அப்புறம் என் முகத்துல முழிக்காதீங்க" என்றார்.

"மூணும் ப்ரீஆம்ப்தானே அண்ணா? மூணுலயும் பைபாஸ் இருக்குல்ல?" கணவனுக்கு அதுதான் கவலை.

அவர்கள் வீடு மாறி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பழைய வீட்டில் அவள் பாட்டு படுக்கையறையில், அவன் சினிமா ஹாலில். கதவைச் சாத்திக்கொண்டால் அவரவர் உலகம் அவரவருக்கு. புது வீட்டில் உருப்படியான ஹால் ஒன்றுதான். ஆகவே நல்ல ஸ்பீக்கர் ஜோடி ஒன்றே இருவருக்கும் உழைத்தாக வேண்டும். அவளுடைய சிடி பிளேயர் இருந்தது, அவனுடைய சினிமாப் பெட்டியும் அதற்கான பின்பக்கக் குட்டி ஸ்பீக்கர்களும் இருந்தன, ஸ்பீக்கர்களைத் தள்ளுகிற பவர் ஆம்ப் இருந்தது. இவற்றுக்கெல்லாம் நடுவே உட்கார்ந்து, இப்போது யார் பாட வேண்டும், எவ்வளவு சத்தமாகப் பாட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிற ப்ரீஆம்ப்தான் இல்லை. முன்பு ஒன்று இருந்தது. "இடது பக்கம் மங்கலா கேக்குதுங்க" என்று அவள் பலமுறை சொல்லிவிட்டதால், அதை வால்வு அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அவளுக்குப் பாட்டு என்றால் உயிர். காலையிலிருந்து மாலைவரை அவள் காதில் விழுவது பல் துளைக்கிற மிஷினின் கீச்சும், எச்சில் உறிஞ்சுகிற குழாயின் உறுமலும். வீடு வந்ததும் ஒரு மனிதக் குரல் முழுசாகப் பாடிக் கேட்டால்தான் அவளுக்கு அன்றைய நாள் முடியும். அவனோ சினிமாக்களுக்கு சப்டைட்டில் எழுதுபவன். நாள் முழுக்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, யார் யாரோ பேசுவதை இரண்டு இரண்டு வரிகளாக நறுக்குவது தொழில். விடுமுறை நாளில் அந்த வரிகளெல்லாம் ஒழிந்து, ஹெலிகாப்டர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து தலைக்கு மேல் போக வேண்டும். பைபாஸ் என்ற வசதி இருந்தால், சினிமா நேரத்தில் ப்ரீஆம்ப் ஒதுங்கி நின்று சினிமாப் பெட்டிக்கு வழிவிடும். இருவருக்கும் சண்டை வராது.

"வால்வுல மட்டும் பைபாஸ் கிடையாது" என்று வால்வு அண்ணன் தலையைச் சொறிந்தார். "ஆனா அது கல்யாண குணம் உள்ள பொருள், தம்பி. ஒரு குறை இருந்தா என்ன?"

பெட்டிகள் பிரிந்தன. முதலாவதில் வால்வு. மின்சாரம் பாய்ந்ததும் அதன் கண்ணாடிக் குழல்களுக்குள் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய ஒளி ஊறி வந்தது. அடுத்தது வெள்ளி நிறத்தில் ஒல்லியாக, முகத்தில் இரண்டே குமிழ்களோடு. கணவன் அதைப் பார்த்த பார்வையைக் கண்டு டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. பெண் பார்க்க வந்தபோதுகூட அவன் தன்னை அப்படிப் பார்க்கவில்லை என்றாள். மூன்றாவது அகலமாய்க் கறுப்பாய், யாரோ வைத்திருந்து விற்றது. முகம் முழுக்கக் குமிழும் பொத்தானும்.

"இது எதுக்கு?" என்றான் கணவன்.

"சும்மா ஒரு கூட்டத்துக்கு. மூணு இருந்தாத்தானே போட்டி!"

"பேலன்ஸுக்குத் தனியா ஒரு நாப் வச்சிருக்கான் பாரு. இடது கூட்டி வலது குறைக்க! இந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்கு வேணும்? கையில ஆறாவது விரல் மாதிரி."

"வழியில நாபும் பட்டனும் எவ்வளவு கம்மியா இருக்கோ, அவ்வளவுக்குப் பாட்டு சுத்தம்" என்று வால்வு அண்ணனும் ஒத்துப் பாடிவிட்டுக் கிளம்பினார்.

மாடியில் குடியிருந்த கணவனின் அக்கா சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில் இல்லாமல் அவளை அவள் மாணவிகள்கூடப் பார்த்ததில்லை. விஷயத்தைக் கேட்டதும், "பெட்டியைப் பாத்துக்கிட்டே பாட்டு கேட்டா கண்ணுதான் கேக்கும், காது கேக்காது" என்று சொல்லிவிட்டு, ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து மூன்று கருவிகளையும் மறைத்துக் கட்டினாள். "நான் நடுவர். எது பாடுதுன்னு நான் மட்டும் பாப்பேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லுவேன். நீங்க மார்க் போடுங்க."

"அண்ணி, விசில் அடிப்பீங்களா?" என்று கேட்டாள் டாக்டர்.

"அடிக்காம?"

விசில் ஊதப்பட்டது. ஒரு பெண் குரல், ஒரு வீணை, அவ்வளவுதான் பாட்டில். ஒன்றாவது பாடியது. இரண்டாவது பாடியது. மூன்றாவது தொடங்கியதும் இருவரும் ஒரே நேரத்தில் சோபாவிலிருந்து நிமிர்ந்தார்கள்.

"இதுதான்!"

"சந்தேகமே இல்லை. இதுதான்!"

அக்கா அசையவில்லை. கைப்பேசியில் சத்தம் அளக்கிற செயலியைத் திறந்து வைத்திருந்தாள். "இது மத்த ரெண்டையும்விட சத்தமா பாடுது. சத்தமா கத்தறவனுக்குத்தான் கோல் குடுப்பீங்களா? ஆட்டம் செல்லாது. மறுபடியும்."

மூன்றையும் ஒரே சத்தத்துக்குச் சரிசெய்து மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை முடிவு தலைகீழானது. கணவன் இரண்டாவதற்கு மார்க்கை அள்ளிப் போட்டான். டாக்டரோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மூணுமே நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணுலயும் இடது பக்கம் மங்கலா இருக்கே!"

"மூணுலயுமா?"

"ஆமாங்க. பழசு மாதிரியேதான். பாடறவங்க எனக்கு வலது பக்கமாவே நிக்கறாங்க."

கணவன் எழுந்தான். ஒரு கோளாறைத் துரத்துவது என்றால் அவனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிடும். ஒயரைப் பிடுங்கிச் செருகினான். தூசி ஊதினான். அக்கா விரிப்பை விலக்கி, கறுப்புப் பெட்டியில் 'மோனோ' என்றிருந்த பொத்தானைக் காட்டி, "இது என்னடா?" என்றாள்.

"அதை அமுக்கினா ரெண்டு ஸ்பீக்கரும் ஒரே மாதிரி பாடும். குரல் ரெண்டுக்கும் நட்டநடுவுல இருந்து வரணும்... அட, நல்ல ஐடியா அக்கா!"

அமுக்கினான். குரல் எங்கே என்று மூவரும் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்ட வேண்டும் என்பது நடுவர் உத்தரவு. ஆளுக்கொரு முறை நடு இடத்தில் உட்கார்ந்து நீட்டினார்கள். கணவன் கை டிவியின் நடுவைக் காட்டியது. அக்காவின் கையும் அங்கேயே. டாக்டரின் கை வலது ஸ்பீக்கர் பக்கமாய்ச் சாய்ந்திருந்தது.

ஸ்பீக்கர் கோளாறாக இருக்கலாம் என்று ஆம்பை அணைத்து, ஒயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டான். மறுபடியும் வலது பக்கம்தான் காட்டினாள்.

"நீ கொஞ்சம் திரும்பி உக்காரேன்" என்றாள் அக்கா. "ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி."

நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பாட்டு ஓடியது. கண்ணை மூடியபடி தோளுக்குப் பின்னால் விரலைக் காட்டினாள். இந்த முறை விரல் மற்ற ஸ்பீக்கரைச் சுட்டியது. அவளுடைய வலது கைப்பக்கம் எந்த ஸ்பீக்கர் இருக்கிறதோ, குரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

மூவருக்கும் ஒரே நொடியில் புரிந்தது. டாக்டர் எழுந்து பாட்டை நிறுத்தினாள்.

"பெட்டியில ஒண்ணுமில்ல. என் காதுலதான்."

சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். அவள் இடது பக்கத்தில்தான் தினமும் உதவியாளப் பெண் உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இத்தனை வருஷமும் அந்தக் காதுக்குப் பக்கத்தில்தான் அந்த உறுமல். கணவன் வாசற்படியில் வந்து நின்றான். ஒரு துணியை எடுத்து, அவள் கழுவித் தந்த டம்ளர்களை ஒவ்வொன்றாய்த் துடைத்து வைத்தான்.

"அந்தப் பழைய பெட்டியைப் பாவம், அநியாயமா துரத்திட்டோம்" என்றாள் அவள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

அக்கா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "திங்கக்கிழமை முதல் வேலையா காதைக் காட்டு. என்னன்னு தெரியாம அழறது ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடியே தோத்துட்டேன்னு சொல்ற மாதிரி. அழணும்னா பாத்துட்டு வந்து அழலாம், நானும் கூட உக்காந்து அழறேன்."

டாக்டர் சிரித்துவிட்டாள்.

ஞாயிறு மாலை வால்வு அண்ணன் வந்தார். அந்த நேரம் டாக்டர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனமில்லாமல், "வெள்ளிதான்னு நினைக்கிறேன் அண்ணா, அவகிட்டயும் கேட்டுட்டு நாளைக்கு உறுதியா சொல்றேன்" என்று சொல்லி, கணவன் மூன்றையும் கொடுத்தனுப்பிவிட்டான்.

திங்கள் காலை. காது டாக்டர் அவளுடைய கிளினிக் இருந்த கட்டடத்திலேயே இரண்டு மாடி மேலே இருந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். வலது காதில் ஊசி முனை போன்ற ஒலிகள்கூட வந்து விழுந்தன, அமுக்கிக்கொண்டே இருந்தாள். இடது காதுக்கு மாறியதும், கட்டை ஒலிகள் வந்தன, பிறகு கொஞ்சம் மெல்லியவை வந்தன, அப்புறம் ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவரின் கை மட்டும் அசைவது தெரிந்தது.

"மேல் ஸ்தாயியில கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றார் காது டாக்டர். "தொழிலாலயா, வேற எதாலயான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. போனது திரும்பாது. ஆனா இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம். இன்னிக்கே காதுக்கு அடைப்பான் வாங்குங்க, மிஷின் ஓடறப்ப ரெண்டு காதுலயும் போடுங்க. ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்போம்."

"பாட்டு கேக்கலாமா?"

"மிதமான சத்தத்துல தாராளமா. உங்க சிஸ்டத்துல பேலன்ஸ் நாப் இருக்கா? இருந்தா இடது பக்கம் கொஞ்சம் கூட்டி வச்சுப் பாருங்க. முழுசா சரியாகும்னு சொல்லமாட்டேன். ஆனா நல்ல வித்தியாசம் தெரியலாம்."

அவள் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படியில் இறங்கிக்கொண்டே கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க! அந்தக் கறுப்புப் பெட்டி எங்க?"

"அண்ணன் நேத்தே எடுத்துட்டுப் போயிட்டாரே. டாக்டர் என்ன சொன்னார்? அதை முதல்ல சொல்லு!"

"சொல்றேன், சொல்றேன். பெரிசா ஒண்ணுமில்ல. அந்தப் பெட்டி வேணும். பேலன்ஸ் நாப் வேணுங்க எனக்கு!"

மறுமுனையில் நாற்காலி பின்னால் சரிகிற சத்தம். "ஆறாவது விரல்னு சொன்னேனே, என் வாயில மண்ணைப் போட! இரு, இதோ அண்ணனுக்குப் போன் பண்றேன்."

இரண்டு நிமிஷத்தில் அவனே திரும்பக் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது. "அதுக்கு வேற ஆள் வந்தாச்சாம். சலூன் வச்சிருக்கிறவராம். கடை வாசல்ல வண்டியை நிறுத்திட்டு இருக்காராம். நான் கிளம்பிட்டேன்!"

டாக்டருக்கு அடுத்த நோயாளி வர அரை மணி நேரம் இருந்தது. வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கி நடந்தாள், நடை ஓட்டமானது. ஓடிக்கொண்டே வால்வு அண்ணனை அழைத்தாள்.

"அண்ணா, அவரை ஒரு பத்து நிமிஷம் பிடிச்சு உக்கார வைங்க. காபி குடுங்க."

"கடையில காபி இல்லையே டாக்டரம்மா!"

"பாட்டு குடுங்க அண்ணா! உங்ககிட்ட இல்லாத பாட்டா?"

கணவனும் அவளும் இரு திசையிலிருந்து ஒரே நேரத்தில் கடை வாசலை அடைந்தார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தபோது, நாற்காலியில் சாய்ந்திருந்த சலூன்காரர் வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். கை தானாகத் தாடையைப் பொத்தியது.

"டாக்டரம்மா! வியாழக்கிழமைதானே வரச் சொன்னீங்க? இங்கயே வந்துட்டீங்களே!"

பாதி சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல் அவருடையது. டாக்டர் மூச்சு வாங்கியபடியே சிரித்தாள். "பயப்படாதீங்க. பல்லுக்கு வரல. அந்தக் கறுப்புப் பெட்டிக்கு வந்தேன்." பிறகு ஒளிக்காமல் சொன்னாள். தன் ஒரு காது மங்கிவிட்டதை, அதை ஈடுகட்டுகிற குமிழ் அதில் இருப்பதை, மற்ற இரண்டிலும் இல்லாததை. கடை நடுவில், தன்னிடம் பல் பார்க்க வருகிறவர் எதிரிலேயே நின்று அதை வாய்விட்டுச் சொன்னது அவளுக்கே வியப்பாக இருந்தது. சொன்ன பிறகு அது அவ்வளவு பெரிய விஷயமாகவும் படவில்லை.

சலூன்காரர் தாடையிலிருந்து கையை எடுத்தார். "அடடா, இதுக்கா ஓடி வந்தீங்க? எடுத்துக்குங்கம்மா. நான் இவ்வளவு நேரமா வேற ஒண்ணைப் பாத்துட்டு எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருக்கேன்."

எதிரே மேசையில் வால்வு பாடிக்கொண்டிருந்தது. ஆரஞ்சு ஒளி அவர் கண்ணில் மின்னியது.

"எங்க கடையில நாலு பக்கமும் கண்ணாடி. இதை நடுவுல வச்சேன்னு வைங்க, எங்க திரும்பினாலும் விளக்கு விளக்கா தெரியும். முடி வெட்ட வந்தவன் ஷேவிங்கும் பண்ணிட்டுத்தான் போவான்!"

வால்வு அண்ணன் சலூன்காரரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் ஜென்மத்துல முதல் தடவையா ஒருத்தர் பாத்த உடனே புரிஞ்சுக்கிட்டார்" என்றார்.

கறுப்புப் பெட்டியைக் கணவன் குழந்தையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். "வெள்ளி மேல ஆசைப்பட்டீங்களே" என்றாள் அவள்.

"அழகா இருந்துச்சு. அவ்வளவுதான். இதுலயும் பைபாஸ் இருக்கு, எனக்கு என்ன குறை? நட, நட, உன் ஆள் வந்து வாயைத் திறந்து உக்காந்திருக்கப் போறான்."

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது எல்லா ஒயரும் செருகித் தயாராக இருந்தது. பையைக்கூட இறக்காமல் நடு இடத்தில் போய் உட்கார்ந்தாள். மோனோவை அமுக்கி, கணவன் கறுப்புப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டான். பாட்டு தொடங்கியது. குரல் வழக்கம்போல வலது பக்கம்.

"கொஞ்சமா திருப்பறேன். சொல்லு."

குமிழ் இடது பக்கம் மயிரிழை நகர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஏங்க, நகருதுங்க! அவங்க நடந்து வர்றாங்க!"

"யாரு?"

"பாடறவங்க! இன்னும் ஒரு துளி. ஐயோ, போதும், போதும், தாண்டிப் போயிட்டாங்க. பின்னால வாங்க. நில்லுங்க! அங்கயே நில்லுங்க!"

அவன் குமிழிலிருந்து விரலை எடுத்தான். மோனோவை விடுவித்தான். வீணை தன் இடத்துக்குப் போனது. குரல் நடுவிலேயே நின்றது, அவளுக்கு நேர் எதிரே, டிவிக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இடது பக்கத்துக் கம்பியின் கூர்மை முழுதாக வரவில்லை. அது வராது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் எத்தனையோ தடவை கேட்ட பாட்டில், பாடியவள் இன்றுதான் அவள் முகத்தைப் பார்த்துப் பாடினாள். டாக்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. பாட்டு முடிந்ததும் கை தட்டினாள், மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள்போல. பிறகு, "மறுபடியும்!" என்றாள்.

சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்துவிட்டாள். நடு இடத்தில் தானும் உட்கார்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "எனக்கு எல்லாம் இடது பக்கமா போயிடுச்சே! உன்னைச் சரிபண்ணப்போய் என்னைக் கெடுத்துட்டான்."

"வலது பக்கமா தள்ளி உக்காரு அக்கா" என்றான் கணவன்.

அவள் சோபாவில் வலது பக்கமாக நகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். சட்டென்று முகம் மலர்ந்தது. "டேய், இங்க எனக்கும் நடுவுல வந்துடுச்சுடா!"

வலது ஸ்பீக்கரை நெருங்கி உட்கார்ந்தால், கூட்டி வைத்த இடது பக்கம் அவளுக்கும் சமமாகிவிடுகிறது. அன்றோடு அந்த வலது மூலை அக்காவின் இடமானது. வேறு யார் உட்கார்ந்தாலும் விசில்தான்.

சிடி மாற்றி சிடி என்று டாக்டர் அலமாரியையே காலி செய்துகொண்டிருந்தாள். கணவன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தான். நான்காவது சிடி முடிந்ததும் மெதுவாக, "இப்ப என் ஹெலிகாப்டர் வரலாமா?" என்று கேட்டான்.

"வரட்டுங்க" என்றாள் அவள். அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து, கால்களை மடக்கிச் சோபாவில் ஏற்றிக்கொண்டாள். "எங்கிருந்து வருதுன்னு நான் சொல்றேன், பாருங்க."